மதியத்தில் தப்பாக ஓடிய கடிகாரம்

பல் டாக்டர் அழுதபோது ரேடியோவும் நிஜமாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

ஆள் வாட்டசாட்டமானவர். ஊரில் பாதிப் பேருடைய கடைவாயைப் பார்த்தவர். அப்படிப்பட்டவர் தன் வீட்டு ஹாலில் சோபாவின் நுனியில் உட்கார்ந்து, கைக்குட்டையை முகத்தில் அழுத்திக்கொண்டு குலுங்கினார். மனைவியையும் ஆறு வயது மகளையும் நேற்று சாயங்காலத்திலிருந்து காணவில்லை. மனைவியின் செல்போன் சமையல் மேடையில் அணைந்து கிடந்தது. பெட்டி எதுவும் குறையவில்லை. பீரோவில் நகை அப்படியே இருந்தது.

"யாரோ கடத்திட்டாங்க," என்றார் டாக்டர். "அவளுக்குத் தனியா கடைக்குப் போகக்கூடத் தெரியாது. எல்லாத்துக்கும் நான்தான்."

"கவலைப்படாதீங்க சார், கண்டுபிடிச்சுடலாம்," என்றான் ரேடியோ.

ரேடியோ என்பது பட்டப்பெயர். வாயைத் திறந்தால் மூடமாட்டான் என்பதால் அவனுடைய முதலாளி வைத்தது. அந்த முதலாளிக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. தனியார் துப்பறியும் தொழிலில் ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்த அந்த ஒல்லிப் பெண்மணியை எல்லாரும் ஊசி என்பார்கள். அவர் கேள்வி கேட்டால் குத்தியதே தெரியாது. ரத்தம் எட்டிப் பார்த்த பிறகுதான் தெரியும்.

ஊசி அந்த நேரத்தில் டாக்டரைப் பார்க்கவில்லை. டி.வி.க்குப் பின்னால் தலையை விட்டு, டார்ச் அடித்துக்கொண்டிருந்தார்.

"மேடம், படம் முன்பக்கம்தான் வரும்," என்றான் ரேடியோ மெல்ல.

"பின்பக்கமும் ஒரு படம் ஓடியிருக்கு." ஊசி தலையை வெளியே எடுத்து முழங்கையைத் தட்டிக்கொண்டார். "டாக்டர், வீட்ல கம்ப்யூட்டர் இருக்கா?"

இருந்தது. ஹாலின் மூலையில், சோபாவில் உட்கார்ந்தால் திரை நன்றாகத் தெரியும்படி வைத்திருந்தார்கள். டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதைப் போட்டார். "எங்க வீட்ல ஒளிவுமறைவே கிடையாது மேடம். இதுல ஒரு புரோகிராம் போட்டிருக்கேன். மெஷின் ஓடுற நேரமெல்லாம், கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை, திரையைப் படம் எடுத்து என் போனுக்கு அனுப்பிடும். பாதுகாப்புக்குத்தான். இப்பல்லாம் யாரை நம்ப முடியுது?"

"நல்ல ஐடியா சார்," என்றான் ரேடியோ. "எங்க ஆபீஸ்ல மட்டும் போட்டுடாதீங்க. நான் சீட்டு விளையாடுற படமா வரும்."

ஊசி டாக்டரின் போனில் அந்தப் படங்களை வரிசையாகத் தள்ளிப் பார்த்தார். சமையல் குறிப்பு, மகளுடைய வீட்டுப்பாடம், குழந்தை சட்டைக்கு அளவு எடுப்பது எப்படி. மறுபடியும் சமையல் குறிப்பு. காலையில் நிறைய படங்கள், சாயங்காலம் நிறைய படங்கள், நடுவே மதியத்தில் ஒன்றுமே இல்லை.

"மதியம் தூங்குவா. மெஷின் ஆஃப்ல இருக்கும்," என்றார் டாக்டர்.

"தினமுமா?"

"கொஞ்ச மாசமா தினமும். நல்ல தூக்கம். நான் போன் பண்ணிக்கூட எழுப்பமாட்டேன்." அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை வந்து போனது.

ஊசி கம்ப்யூட்டர் திரையின் மூலையில் விரலை வைத்தார். வெளியே வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. திரைக் கடிகாரமோ விடியற்காலை என்றது. "இது அடிக்கடி இப்படிக் காட்டுமா?"

"பேட்டரி வீக்கா இருக்கும். மேடம், கடிகாரத்தை விடுங்க. அவ யார்கூடப் பேசினா, யாருக்கு எழுதினா, அதை முதல்ல கண்டுபிடிச்சுக் கொடுங்க."

"கண்டுபிடிக்கலாம். பாப்பாவுக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா?"

டாக்டர் விழித்தார். "பாப்பாவுக்கா? தெரியல. அதெல்லாம் அவதான் பாத்துப்பா."

சமையலறை அலமாரியில் ஒரு பாட்டில் நின்ற இடத்தில், வந்ததுமே ஊசியின் கண்ணில் பட்ட பிசுபிசுப்பான வட்டம் இருந்தது. ஊசி அதை விரலால் தொட்டு முகர்ந்து பார்த்துவிட்டு வெளியே வந்தார். செருப்பு மாட்டும்போது ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"உங்க மனைவி தனியா நடந்து போற இடம்னு ஏதாவது உண்டா?"

"பாப்பாவை ஸ்கூல்ல விடப் போவா. விட்டுட்டு நேரா வீடு. அவ்வளவுதான்."

*

காரில் ஏறியதும் ரேடியோ ஆரம்பித்துவிட்டான். "மேடம், மனுஷன் உருகுறாரு. நீங்க என்னடான்னா டி.வி., கடிகாரம், இருமல் மருந்துன்னு எலக்ட்ரீஷியனும் கம்பவுண்டரும் சேர்ந்த மாதிரி சுத்துறீங்க."

"இருமல் மருந்துன்னு நான் சொல்லலையே."

"எனக்கும் மூக்கு இருக்கு மேடம். வாசனை வாசல் வரைக்கும் வந்துச்சு."

"சந்தோஷம். வண்டியை ஸ்கூல் தெருவுக்கு விடு."

ரேடியோ வண்டியைத் திருப்பினான். ஊசி கண்ணாடி வழியாக வெளியே பார்த்தபடியே பேசினார்.

"அந்தக் கடிகாரத்துக்கு பேட்டரி வீக்குன்னா தேதியும் கெட்டுப் போயிருக்கும். பழைய வருஷத்துக்குப் போய் நிக்கும். இங்க தேதி சரி, நேரம் மட்டும் கச்சிதமா அஞ்சரை மணி பின்னாடி. ஏன்?"

"சோம்பேறிக் கடிகாரமோ என்னவோ."

"ஒரு விருந்தாளி வந்துட்டுப் போயிருக்கான். பென்டிரைவ்ல ஒரு முழு சிஸ்டத்தையே வச்சுக்கலாம், தெரியுமா? செருகிட்டு மெஷினைப் போட்டா, உள்ள இருக்குற சிஸ்டம் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. பென்டிரைவ்ல இருக்குறதுதான் ஓடும். உள்ள டாக்டர் போட்ட புரோகிராம் இருக்கே, அதுவும் சேர்ந்து தூங்கும். வேலை முடிஞ்சு பிடுங்கிட்டா, வந்துபோன சுவடே இருக்காது."

"அப்ப சுவடு எப்படி உங்களுக்குக் கிடைச்சுது?"

"வீட்டு சிஸ்டம் ஊர் நேரத்தை வச்சு ஓடுது. இந்த மாதிரி விருந்தாளி உலகத்துக்கெல்லாம் பொதுவா ஒரு நேரம் இருக்கே, நம்ம நேரத்துக்கு அஞ்சரை மணி பின்னாடி, அதை வச்சு ஓடுவான். போகும்போது மெஷினோட கடிகாரத்தைத் தன் கணக்குக்குத் திருப்பி வச்சுட்டுப் போயிடுவான்."

ரேடியோ விசிலடித்தான். "அப்ப அந்தம்மா மதியம் தூங்கல."

"ஒரு நாள்கூட. பென்டிரைவை அந்த வீட்ல எங்க ஒளிச்சு வச்சாலும் அவர் எடுத்துடுவார். அதனால ஒளிக்கல. டி.வி. பின்னாடி செருகியே வச்சிருந்தாங்க. நகத்தளவு சைஸ். தூசி படிஞ்ச முதுகுல ஒரு ஓட்டை மட்டும் பளிச்சுன்னு இருக்கு."

"பலே. யாரோ ஒருத்தன்கூட ரகசியமா எழுதிட்டு இருந்திருக்காங்க, அவன்தான் தூக்கிட்டான். பாவம் டாக்டர்."

ஊசி பதில் சொல்லவில்லை. அவர் பதில் சொல்லாவிட்டால் ஆமாம் என்றுதான் அர்த்தம் என்று ரேடியோ வெகுநாளாக நம்பிக்கொண்டிருந்தான்.

பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே மருந்துக்கடை, தையற்கடை, நோட்டுப் புத்தகக் கடை என்று ஒரு வரிசை. வரிசையின் கடைசியில், பழைய கணினிகளை வயிற்றைத் திறந்து அடுக்கி வைத்திருந்த ஒரு சின்ன ரிப்பேர் கடை.

"அவங்க தனியா நடந்த ஒரே தெரு இதுதான்," என்றார் ஊசி. "பென்டிரைவ் வானத்துல இருந்து விழுந்திருக்காது. வண்டியை நிறுத்திட்டு வா."

ஊசி இறங்கிப் போனார். நிறுத்த இடம் தேடி வண்டியை ஓரம்கட்டிய ரேடியோவுக்கு, சோபா நுனியில் குலுங்கிய அந்த மனுஷர் நினைவுக்கு வந்தார். வேலை கொடுத்தவர்களுக்குத் தகவல் சொல்லி ஆறுதல் படுத்துவது எப்போதும் அவன் வேலைதான். போனை எடுத்து ஒரு வரி தட்டினான். 'உங்கள் மனைவி ரகசியமாக வைத்திருந்த பென்டிரைவ் பற்றி ஸ்கூல் எதிரே கம்ப்யூட்டர் கடையில் விசாரிக்கிறோம். தைரியமாக இருங்கள்.'

*

கடைக்காரம்மா மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு, ஒரு பச்சைப் பலகையில் ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தார். பின்னால் உள்ளறைக்குப் போகும் வழியில் கனத்த பிளாஸ்டிக் திரை தொங்கியது. முன்மேசையில் ஒரு கணினி ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் ஆள் இல்லை. ஆனால் சுழல் நாற்காலி இன்னும் லேசாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

ஊசி அந்த நாற்காலியைப் பார்த்தார். அதில் உட்காராமல் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"பென்டிரைவ்ல சிஸ்டம் போட்டுத் தருவீங்களா?"

"தருவோம். என்ன வேலைக்கு?" என்றார் கடைக்காரம்மா.

"எதிர் ஸ்கூல்ல பாப்பாவை விட வர்ற ஒரு அம்மாவுக்குத் தந்தீங்களே, அந்த வேலைக்கு."

ஈயப் புகை மட்டும் எழுந்தது. கை நின்றுவிட்டது. "உங்களை யார் அனுப்பினாங்க?"

"அவங்க வீட்டுக்காரர்."

"அப்ப எனக்கு ஒண்ணும் தெரியாது. கடை சாத்தப் போறேன். கிளம்புங்க."

"அம்மா, பாவம் அவர் அங்க அழுதுட்டு..." என்று ரேடியோ ஆரம்பித்தான்.

ஊசி கையை உயர்த்தினார். கடைக்காரம்மாவிடம் பேசுவது போலத்தான் பேசினார். ஆனால் குரல் மட்டும் பிளாஸ்டிக் திரையைத் தாண்டிப் போகும்படி இருந்தது.

"அந்த வீட்டுக் கம்ப்யூட்டர் எடுத்த படங்கள்ல பார்த்ததைச் சொல்றேன், கேளுங்க. முதல்ல சில நாள், மதியத்துக்கு அப்புறம் எடுத்த படத்துல கடிகாரம் தப்பா இருக்கு. அதை அந்த அம்மா கவனிச்சுட்டாங்க. அதுக்கப்புறம் தினமும் விருந்தாளியை அனுப்பிட்டு, கடிகாரத்தைக் கையால சரி பண்ணியிருக்காங்க. மாசக்கணக்குல ஒரு நாள் தவறல. நேத்து மட்டும் சரி பண்ணல."

"அதனால?" என்றான் ரேடியோ.

"நேத்து அதுக்கு அவசியம் இல்ல. திரும்பி வரப்போறதில்லன்னு அவங்களுக்குத் தெரியும். கடத்துறவன் குழந்தையோட இருமல் மருந்தை ஞாபகமா எடுத்துட்டுப் போவானா ரேடியோ? அவங்களை யாரும் தூக்கல. அவங்களே கிளம்பிட்டாங்க. கிளம்புறதுக்கு ஒரு மனுஷி தன் வீட்டுக் கம்ப்யூட்டரைத் தூங்கவச்சுட்டுத்தான் யோசிக்க வேண்டியிருந்திருக்கு. அழுதாரே, பாப்பாவுக்கு என்ன உடம்புன்னு ஒரு தடவை யோசிச்சாரா? யாருக்கு எழுதினான்னுதான் கேட்டார்."

ரேடியோ சட்டைப்பையிலிருந்த போனைத் தொட்டுப் பார்த்தான்.

"நான் கூட்டிட்டுப் போக வரல," என்று ஊசி தொடர்ந்தார். "எனக்குத் தெரிஞ்ச வழி அவருக்கும் ஒருநாள் தெரியும். அதுக்குள்ள கிளம்பச் சொல்லுங்க. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

கடைக்காரம்மா கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு ஊசியை நன்றாகப் பார்த்தார். "தானாத்தான் கிளம்பினேன்னு காலையிலேயே அவ போலீஸ்ல எழுதிக் கொடுத்துட்டா. அவ அண்ணன் வெளியூர்ல இருந்து வண்டி எடுத்துட்டு வந்துட்டு இருக்கான். இப்ப வந்துடுவான்."

"மேடம்," என்றான் ரேடியோ. குரல் அவனுடையது போலவே இல்லை. "நான் அவருக்கு ஒரு மெசேஜ் அனுப்பிட்டேன்."

"என்னன்னு?"

அவன் போனை நீட்டினான். பதில் வந்திருந்தது. 'கிளம்பிவிட்டேன். யாரையும் வெளியே விடவேண்டாம்.'

ஊசி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது ரேடியோவுக்கு. "உள்ள பின்வாசல் இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்ல. இது ஒண்ணுதான்."

அந்த ஒரு வாசலில் கார்க் கதவு அறையும் சத்தம் கேட்டது.

*

டாக்டரின் முகத்தில் கண்ணீர் காய்ந்திருந்தது. வந்தவர் யாரையும் பார்க்கவில்லை. கடையை மட்டும் அங்குலம் அங்குலமாகப் பார்த்தார்.

"யார்கிட்ட வாங்கினா? இங்கயா வந்துட்டு இருந்தா?"

"விசாரிச்சுட்டு இருக்கோம்," என்றார் ஊசி.

உள்ளேயிருந்து ஒரு சின்ன இருமல் வந்தது. வாயைப் பொத்தி அமுக்கிய இருமல்.

டாக்டரின் தலை திரும்புவதற்குள் ரேடியோ பெரிதாக இருமினான். இருமிக்கொண்டே அவருக்கும் திரைக்கும் நடுவே வந்து நின்றான். "ஈயப் புகை சார், எனக்கு ஒத்துக்காது. சின்ன வயசுல இருந்தே இப்படித்தான். எங்க மாமா ஒருத்தர் ரேடியோ ரிப்பேர் பண்ணுவார், அவர் பக்கத்துல உட்கார்ந்தாலே ஆரம்பிச்சுடும். நீங்க பல் டாக்டர்தானே, தொண்டைக்கும் பல்லுக்கும் சம்பந்தம் உண்டா சார்? எனக்குக் கடைவாய்ல ஒரு ஆட்டம் இருக்கு, நாலு டாக்டர் பார்த்துட்டாங்க..."

பேசினான். மூச்சு விடாமல் பேசினான். மாமா, பல், ஈயம், மாமாவின் கல்யாணத்தில் அறுந்த மைக் என்று எது வாய்க்கு வந்ததோ அதையெல்லாம் பேசினான். முதுகுச் சட்டை நனைந்து ஒட்டியது. பின்னால் இன்னொரு இருமல் எழுந்தது. அதன்மேல் ஒரு சிரிப்பைப் போட்டு மூடினான்.

"தள்ளு," என்றார் டாக்டர். அவனைத் தள்ளிக்கொண்டு வந்த கை பாதி வழியில் நின்றது. அவர் கண்ணில் முன்மேசைக் கணினி பட்டுவிட்டது. அதன் பக்கவாட்டில் நகத்தளவு பென்டிரைவ் ஒன்று செருகியிருந்தது. திரையில் பாதி எழுதிய கடிதம்.

"இதுவா அது?" சுழல் நாற்காலியில் விழுந்த மாதிரி உட்கார்ந்தார். "யாருக்குடி எழுதுற? பார்த்துடறேன்."

முதல் வரியில் அவர் கண் பதியுமுன் ஊசி ஸ்டூலிலிருந்து கையை நீட்டினார். பென்டிரைவ் அவர் விரலிடுக்கில் வந்துவிட்டது. திரை ஒருமுறை துடித்துக் கறுத்தது.

"என்ன பண்ணினீங்க? போடுங்க அதை."

ஊசி மறுக்கவில்லை. அடக்கமாகத் திரும்பச் செருகி, மெஷினைப் போட்டார். கொஞ்ச நேரம் கழித்துப் பளிச்சென்று ஒரு புதுத் திரை வந்தது. வணக்கம், உங்கள் மொழியைத் தேர்ந்தெடுங்கள் என்றது. கடிதம் இல்லை, படம் இல்லை, பெயர்கூட இல்லை. பூட்டிய பகுதியைத் திறக்க ஒரு கடவுச்சொல் கேட்டது, அவ்வளவுதான்.

டாக்டர் மகளின் பெயரைத் தட்டினார். தப்பு. தன் பெயரைத் தட்டினார். அதுவும் தப்பு. மூன்றாவது முறை விசைப்பலகையைத் தூக்கி மேசையில் அறைந்தார். எழுத்துக் கட்டைகள் தரையில் சிதறின. தையற்கடையில் மிஷின் சத்தம் நின்றது.

"என் வீட்டுல, என் சோத்தைத் தின்னுட்டு, எனக்குத் தெரியாம ஒரு பாஸ்வேர்டா? அவ கையை ஒடிக்காம விட்டது என் தப்பு. போன தடவையே ஒடிச்சிருக்கணும்."

சொன்ன பிறகுதான் அவருக்கே அது காதில் விழுந்தது போலிருந்தது. கைக்குட்டையைத் தேடிப் பையில் கையை விட்டார்.

பிளாஸ்டிக் திரை ஒதுங்கியது. யாரும் கூப்பிடவில்லை. அந்தப் பெண் தானாகத்தான் வந்தாள். இடுப்பளவு உயரத்தில் ஒரு சிறுமி அவள் புடவையைப் பிடித்திருந்தாள்.

டாக்டரின் குரல் ஒரே நொடியில் தேன் ஆனது. "வந்துட்டியா. வா, வீட்டுக்குப் போலாம். எல்லாரும் பயந்துட்டோம். பாப்பா, அப்பாகிட்ட வா."

பாப்பா அசையவில்லை.

அந்தப் பெண் நேரே மேசைக்கு வந்தாள். "கொஞ்சம் தள்ளுங்க," என்றாள். அவர் ஏனோ நாற்காலியோடு நகர்ந்தார். அவள் குனிந்து, மிச்சமிருந்த கட்டைகளில் கடவுச்சொல்லைத் தட்டினாள். மறைத்துக்கொள்ளவில்லை. பிறகு திரையை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"பாருங்க. என்ன தேடினீங்களோ, நல்லா பாருங்க."

ரேடியோவும் எட்டிப் பார்த்தான். எலும்பும் தசையும் வரைந்த பாடங்கள். தோள்பட்டைப் பயிற்சிகள். பிசியோதெரபி உரிமத்தைப் புதுப்பிக்கும் தேர்வுக்கான மாதிரிக் கேள்விகள், பக்கம் பக்கமாக. எல்லாம் மதியங்களில் படித்தவை. கடைசியில் தேர்ச்சி என்று ஒரு தாள். கடிதங்களில் ஆண் பெயர் ஒன்றுதான் இருந்தது. அது அவள் அண்ணன்.

டாக்டர் மேலும் கீழும் உருட்டினார். மறுபடி உருட்டினார். "இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்," என்றாள் அவள். "கல்யாணத்துக்கு முன்னாடி பார்த்த வேலையை மறுபடி பார்க்கணும்னு ஆசைப்பட்டேன். இதைச் சொன்னதுக்குத்தான் போன தடவை அடிச்சீங்க."

வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. இறங்கியவனுக்கு அவளுடைய அதே மூக்கு. உள்ளே ஒரு பார்வை பார்த்ததிலேயே அவனுக்கு எல்லாம் புரிந்தது. மருமகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். தங்கை பென்டிரைவைப் பிடுங்கிக் கைக்குள் மூடிக்கொண்டாள். கடைக்காரம்மாவை ஒருமுறை கட்டிக்கொண்டாள். ரேடியோவைக் கடக்கும்போது, "நல்லா பேசினீங்க அண்ணா," என்றாள். அவன் ஒதுங்கி வழிவிட்டான்.

வேன் தெருமுனையில் திரும்பியது. டாக்டர் எழுந்து வாசல் வரை வந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன பார்த்துட்டு நிக்கறீங்க?" என்றார் ஊசியிடம். "பின்னாடியே போங்க. எந்த ஊருன்னு பாருங்க. அதுக்குத்தானே உங்களை வச்சேன். காணாமப் போனவளைக் கண்டுபிடிக்கத்தானே?"

ஊசி தரையில் குனிந்து, சிதறிய எழுத்துக் கட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கடைக்காரம்மாவின் மேசையில் வைத்தார். கடைசிக் கட்டையை வைத்த பிறகுதான் நிமிர்ந்தார்.

"அவங்க காணாமப் போகல டாக்டர்," என்றார். "கிளம்பிப் போயிருக்காங்க. கிளம்பிப் போறவங்களை நான் தேடுறதில்ல."